பவர் கொடுக்கும் முன்பே பாதிச் சோதனை

காரைக்குடியில் எங்கள் வீட்டு மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்துவதற்காக, ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலரை (நிரலை ஓட்டும், குட்டிக் கணினி போன்ற ஐ.சி.) வைத்து ஒரு சர்க்யூட் போர்டு செய்துவருகிறேன். அதைச் சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டரும், மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளையும், மின்னழுத்தத்தின் அலைவடிவைத் திரையில் காட்டும் பழைய ஆசிலாஸ்கோப் ஒன்றும் போதுமானவையாக இருக்கின்றன.

ஐ.சி.யைச் சாக்கெட்டில் பொருத்தாமலேயே பாதி வேலையை முடித்துவிடலாம் என்பது என் கட்சி. முதலில் போர்டை முற்றத்து வெயிலில் சாய்த்துப் பிடித்து, பற்றவைத்த இடங்களைப் பூதக்கண்ணாடியால் பார்க்கிறேன். வளவில் விழும் அந்த வெளிச்சத்துக்கு எந்த மேசை விளக்கும் ஈடாகாது. அடுத்து, 5 வோல்ட் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் ஒலிக்கும் நிலை) வைத்தால், பெரிய கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் வரை ஒரு கணம் பீப் ஒலித்து அடங்கலாம். ஒலி நிற்காமல் தொடர்ந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஐ.சி. சாக்கெட்டின் 28 கால்களில் 7, 20 இரண்டுக்கும் 5 வோல்ட்டும், 8, 22 இரண்டுக்கும் கிரவுண்டும் போக வேண்டும். அனலாக் பகுதிக்கு உரியதுதானே என்று 20ஆம் காலை விட்டுவிடக் கூடாது.

பிறகு 9 வோல்ட், 100 மில்லி ஆம்பியர் வரம்பு வைத்து, அதை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் 7805 ரெகுலேட்டரின் வெளியீடு 4.8க்கும் 5.2க்கும் இடையில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, பவரை நிறுத்திய பின்னரே ஐ.சி.யைப் பொருத்துகிறேன்.

எல்.ஈ.டி. ஒரு நொடிக்கு ஒருமுறை மினுக்க வேண்டியது பதினாறு நொடிக்கு ஒருமுறை மினுக்கினால், ஐ.சி.க்குக் கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டலைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். புதிய ஐ.சி. தொழிற்சாலையிலிருந்து உள் கடிகாரத்தில், 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும்படிதான் வருகிறது. 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை அது பயன்படுத்த ஃபியூஸ் பிட்டுகளை (ஐ.சி.க்குள் பதிந்திருக்கும் அமைப்புகள்) மாற்றியாக வேண்டும். மாற்றிய பிறகு ஆசிலாஸ்கோப்பின் புரோபைப் பத்து மடங்கு நிலையில் வைத்து, கிரிஸ்டல் சுற்றின் வெளியீடான 10ஆம் காலில்தான் தொட வேண்டும். ஒரு மடங்கு நிலையில் புரோபும் கேபிளும் சேர்ந்து சுமார் 100 பிக்கோஃபாரட் சுமையை ஏற்றுவதால், 22 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர்களோடு நிற்கும் கிரிஸ்டல், தொட்ட மாத்திரத்தில் நின்றுவிடக்கூடும். நல்ல போர்டும் பழுதானதுபோலத் தோன்றும்.

மோட்டாரை இயக்கி நிறுத்தும் மின்சுவிட்சான ரிலேயின் 230 வோல்ட் பக்கத்துக்கு அந்தப் புரோபின் கிரவுண்டு கிளிப்பைக் கொண்டுபோகவே கூடாது. அந்தக் கிளிப் பிளக்கின் மூன்றாவது முள் வழியாக எர்த்தோடு சேர்ந்திருப்பதால், ஷார்ட் ஆகிவிடும். அந்தப் பக்கத்தைப் பார்க்க மோட்டாருக்குப் பதிலாக 40 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டிவிட்டு, மிதவை சுவிட்சைக் கையால் தூக்கி இறக்கினால் போதும்.