எம்ரகூல் மேசைக்கு வரும் வழி

மேஜிக்: த கேதரிங் என்ற அட்டை விளையாட்டின், பழைய அட்டைகளையும் அனுமதிக்கும் லெகசி வடிவத்தில் எம்ரகூல் என்ற ராட்சத உயிரியிடம் தோற்பவர்கள் பெரும்பாலும் அந்த அட்டையின் மீதே பழியைப் போடுகிறார்கள். 2010ஆம் ஆண்டு வெளியான ‘எம்ரகூல், தி ஏயான்ஸ் டார்ன்’ அட்டையில் 15/15 என்ற வலிமை (தாக்கும் பலம்/தாங்கும் பலம்), பறக்கும் திறன், வண்ண மந்திரங்களிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றோடு, அது தாக்கும்போதெல்லாம் எதிராளி தன் மேசையிலிருந்து ஆறு அட்டைகளைப் பலியிட வேண்டும் என்ற கொடுமையும் சேர்ந்திருப்பதால், அந்தப் புலம்பலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அட்டையின் விலை, அட்டைகளைப் போடச் செலவிடும் ஆற்றலான மானாவில் 15 என்பதையும், லெகசியில் அந்த விலையைக் கொடுத்து அதை அழைப்பவர் அரிது என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

பெரும்பாலானவர்கள் அதை இரு ஆட்டக்காரர்களும் தம் கையிலிருந்து ஓர் அட்டையை மேசையில் வைக்க வழிசெய்யும் ‘ஷோ அண்ட் டெல்’ என்ற மூன்று மானா மந்திரத்தின் வழியே, கொல்லைப்புறமாகக் கொண்டுவருகிறார்கள். அப்படி வரும்போது எம்ரகூல் ‘அழைக்கப்படுவதில்லை’. கையிலிருந்து நேராக மேசையில் வைக்கப்படுகிறது. ஆகவே அழைத்தவருக்குக் கிடைக்க வேண்டிய கூடுதல் சுற்று கிடைப்பதில்லை. எம்ரகூலைக் கவுண்டர் செய்ய (பலிக்கும் முன்பே ரத்து செய்ய) முடியாது என்ற அட்டை வரிக்கும் அங்கே வேலையில்லை, ஏனெனில் நாம் கவுண்டர் செய்ய வேண்டியது ஷோ அண்ட் டெல்லைத்தான். ‘ஃபோர்ஸ் ஆஃப் வில்’ கையில் இருந்தால், ஓர் உயிர்ப்புள்ளியையும் மற்றொரு நீல அட்டையையும் கொடுத்து, ஒரு மானாகூடச் செலவழிக்காமல் அதைச் செய்துவிடலாம்.

அந்தத் தடுப்பு இல்லாதபோதும், ஷோ அண்ட் டெல் இரு தரப்புக்கும் பொதுவானது என்பது நமக்குச் சாதகம். எதிராளி எம்ரகூலை வைக்கும் அதே நொடியில் நாம் ‘கரகாஸ்’ என்ற நில அட்டையை (நிலங்கள் மானா தருபவை, மந்திரங்கள் அல்ல) வைக்கலாம். அது நிலம் என்பதால் வண்ண மந்திரப் பாதுகாப்பு அதனிடம் செல்லாது. கரகாஸைப் பக்கவாட்டில் திருப்பிப் பயன்படுத்தினால் எம்ரகூல் உரியவரின் கைக்கே திரும்பிவிடும். இங்கே நேரம் மிக முக்கியம். தாக்குதல் அறிவிக்கப்பட்ட பிறகு திருப்பினால், ஆறு அட்டைகளைப் பலியிடும் விதி ஏற்கெனவே தூண்டப்பட்டிருக்கும், எம்ரகூல் கைக்குப் போனாலும் நம் மேசை காலியாகும். போர்க்கட்டம் தொடங்கியதும், அறிவிப்புக்கு முன்பே, செயல்பட வேண்டும். ஒரு சிவப்பு மானாவுக்குக் கையிலிருந்து உயிரியை இறக்கும் ‘ஸ்னீக் அட்டாக்’ வழியாக வரும் எம்ரகூல் அதே சுற்றில் தாக்கும் என்பதால் அங்கே இந்தக் கவனம் இரட்டிப்பாகத் தேவை. இன்னொரு சிவப்பு மானா இருந்தால் எதிராளி அதை மறுபடி இறக்கிவிடுவார்.

கறுப்பு அட்டைக்கட்டு (டெக்) வைத்திருப்பவர்களுக்கு ‘டயபாலிக் எடிக்ட்’ போதும். அது உயிரியைக் குறிவைக்காமல் ஆட்டக்காரரைக் குறிவைத்து, அவரையே ஓர் உயிரியைப் பலியிட வைப்பதால் பாதுகாப்பு விதி தலையிடுவதில்லை. எதிராளியின் மேசையில் சிறிய உயிரி ஒன்று கூடுதலாக நின்றால் எடிக்ட் வீணாகும். எம்ரகூலை இறக்கும் டெக்குகளில் சிறிய உயிரிகள் குறைவு என்பதே ஆறுதல்.

‘மாரிட் லேஜ்’ என்ற உயிரி வேறு வகை அச்சுறுத்தல். ‘டார்க் டெப்த்ஸ்’ நிலத்தை ‘தெஸ்பியன்ஸ் ஸ்டேஜ்’ நகலெடுப்பதால் பிறக்கும் இந்த 20/20 டோக்கனை (அட்டையாக இல்லாமல் ஆட்டத்தில் உருவாகும் உயிரியை) அழிக்க முடியாது. அனைத்து உயிரிகளையும் அழிக்கும் ‘ராத் ஆஃப் காட்’ கூட அதன் மீது பலிக்காது. தேர்ந்த ஆட்டக்காரர் அதை நம் சுற்றின் முடிவில்தான் உருவாக்குவார் என்பதால், நம் சுற்றில் மட்டுமே போடக்கூடிய விடைகளுக்கு வாய்ப்பே இருக்காது. ஸ்டேஜ் நகலெடுக்க முயலும்போதே அதற்கு எதிர்வினையாக ‘வேஸ்ட்லேண்ட்’ நிலத்தைக் கொண்டு டெப்த்ஸை உடைப்பது சிறந்த வழி. பிறந்துவிட்டால், டோக்கன் கைக்குத் திரும்பினால் மறைந்துவிடும் என்பதால் கரகாஸ் இங்கும் முழு விடை. எம்ரகூலைத் தொட முடியாத ‘சுவோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ்’ இதை ஒரே வெள்ளை மானாவில் ஆட்டத்தைவிட்டே அகற்றிவிடும். எதிராளிக்கு 20 உயிர்ப்புள்ளிகள் கூடுவதைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. டெப்த்ஸையும் இழந்து நிற்கும் அவருக்கு மறுபடி அதே ஏற்பாட்டைச் செய்யச் சில சுற்றுகளாவது பிடிக்கும்.