குளப்பணி: வரத்து வாய்க்காலிலிருந்து படித்துறை வரை

கோயில் குளத்தைச் சுத்தம் செய்யலாம் என்று ஊரில் கூட்டம் போட்டால், ஜேசிபி எத்தனை நாளைக்கு வேண்டும் என்றுதான் முதலில் கேட்பார்கள். எங்கள் வேலையில் அந்தக் கேள்வி நான்காவதோ ஐந்தாவதோதான் வரும். குளத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வந்துகொண்டிருந்தது, இப்போது ஏன் வரவில்லை என்று தெரியாமல் மண்ணை அள்ளினால், மிஞ்சுவது இன்னும் ஆழமான ஒரு காய்ந்த பள்ளம்.

குளம் கோயில் பெயரில் இருக்கும். அதன் நீரோ எத்தனையோ கூரைகளையும் தெருக்களையும் வயல்களையும் கடந்து வருகிறது. அந்த வழியில் சாமி கும்பிடுகிறவர்களும் இருப்பார்கள், கும்பிடாதவர்களும் இருப்பார்கள், வேறு மதத்தவரும் இருப்பார்கள். படித்துறையில் நின்று நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளும் பக்தி, வாய்க்கால் நெடுக நடந்து அதன் தலைப்புவரை போய்ப் பார்க்க வேண்டும். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு வேறு எந்தப் பாடமும் இவ்வளவு உறைப்பதில்லை.

நடப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை மூன்று: கிராம வரைபடம், வாய்க்கால் செல்லும் புலங்களின் புலப்படம், 'அ' பதிவேட்டின் (புல எண்வாரியாக நிலத்தின் வகையைக் குறித்திருக்கும் வருவாய்த் துறை ஏடு) நகல். வாய்க்காலுக்கென்று தனிப் புல எண் இருக்கும். பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று எழுதியிருக்கும். சித்திரை, வைகாசியில் குளமும் வாய்க்காலும் காய்ந்திருக்கும்போது நடந்தால் எல்லாம் கண்ணில் படும். ஓரிடத்தில் கடையின் படிக்கட்டு வாய்க்கால் மேல் நிற்கும். இன்னோரிடத்தில் பாலத்தடிக் குழாய் முழுக்கக் குப்பை அடைத்திருக்கும். ஆனால் ஆக்கிரமிப்பைவிடப் பரவலான சிக்கல் சாலை மட்டம்தான். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிடுகிறது. அதன் சரிவு மாறி, குளத்துக்கு வரவேண்டிய மழைநீர் எதிர்ப்பக்கச் சாக்கடைக்குப் போகிறது. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும், நீர் நிரப்பிய டியூப் லெவலைக் கொண்டு பத்துப் பத்து மீட்டராக அளந்து எழுத வேண்டும். டியூபுக்குள் ஒரு காற்றுக்குமிழி நின்றுவிட்டால் அளவு விரற்கடைக் கணக்கில் தப்பும். தட்டையான ஊரில் அந்த ஒரு விரற்கடை போதும், வாய்க்கால் எதிர்த்திசையில் ஓட.

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் இதற்கு நல்ல சாட்சி. அவ்வளவு பெரிய குளம் நெடுங்காலம் தெப்பத் திருவிழாவுக்கு மட்டும் நீர் நிரப்பப்பட்டு, மற்ற மாதங்களில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் திடலாகக் கிடந்தது. பனையூர் கால்வாயைச் சீர்செய்து வைகை நீரை வரவிட்ட பிறகுதான் அது மீண்டும் குளமானது.

லாரித் தண்ணீர் விட்டாவது குளத்தை நிரப்பலாம் என்று நல்ல மனத்தோடு முன்வருபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறோம். 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம் உள்ள குளத்தின் பரப்பு 2,500 சதுர மீட்டர். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலும் 12,500 லிட்டர் போய்விடும். பெரிய லாரி ஒன்று கொண்டுவருவது 12,000 லிட்டர். அதாவது தினம் ஒரு லாரி வெயிலுக்கே சரியாகிவிடும். மண்ணில் கசிவது தனி. சென்னையைப் போல ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், அந்தக் குளத்தின் மேல் நேராக விழும் மழை 35 லட்சம் லிட்டர். ஆண்டு முழுக்க ஆவியாவதோ 45 லட்சத்தைத் தொடும். வானத்திலிருந்து விழுவதை மட்டும் நம்பி எந்தக் குளமும் நிற்காது, வரத்து வேண்டும். பழைய வாய்க்காலை உடனே மீட்க முடியாத நகரங்களில் கோயிலின் சொந்தக் கூரையிலிருந்து தொடங்கலாம். 1,000 சதுர மீட்டர் பிராகாரத் தளத்தின் மழைநீரைக் குழாயில் இறக்கினால், வீணாவது போக ஆண்டுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் குளத்தில் சேரும்.

இதெல்லாம் முடிந்த பிறகு தூர்.

குளம் யாருடையது என்பதைப் பொறுத்து அனுமதி மாறும். கோயில் குளமென்றால் அறநிலையத் துறையின் செயல் அலுவலர், ஊர்க் குளமென்றால் ஊராட்சி. மீன்பாசிக் குத்தகை (குளத்து மீனைப் பிடிக்கும் உரிமை) நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் நீரில் கைவைக்க வேண்டும். நீரை இறைப்பதில் அவசரம் கூடாது, நாளுக்கு ஓரடிக்கு மேல் இறக்குவதில்லை. குளத்து நீர் உள்ளிருந்து சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. சுவருக்குப் பின்னால் உள்ள மண்ணும் நீரில் ஊறியிருக்கிறது. குளத்தை ஒரே இரவில் காலிசெய்தால் ஊறிய மண் சுவரை உள்நோக்கித் தள்ளும், படிகள் சரியும். படிகளின் இடுக்குகளைச் சிமெண்டால் பூசி அடைத்த குளங்களில் இந்த ஆபத்து இரட்டிப்பு. சுண்ணாம்புக் காரையிலும் வெறும் அடுக்கிலும் நின்ற கல்லுக்குள் நீர் கசிந்து வெளியேற வழி இருந்தது. சிமெண்டு அதை மூடிவிடுகிறது. பூசுவதானால் சுண்ணாம்புதான், இடையிடையே கசிவுத் துளைகளும் வேண்டும்.

மண் அள்ளுவதற்கு முன் ஐந்தாறு இடங்களில் சோதனைக் குழி தோண்டுகிறோம். மேலே கறுப்பான, நாற்றமடிக்கும், பிளாஸ்டிக் கலந்த சேறு. அதன் அடியில் இறுகிய சாம்பல் நிறக் களிமண். அந்தக் களிமண்தான் குளத்தின் உயிர். சந்தேகம் வந்தால் ஒரு பிடியை உள்ளங்கையில் உருட்டி, பென்சில் கனத்துக்குத் திரித்து வளையமாக வளைத்துப் பார்க்கலாம். வெடிக்காமல் வளைந்தால் களிமண், உதிர்ந்தால் மணலும் வண்டலும். இயந்திரம் களிமண்ணுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட வேண்டும். மீதியை மண்வெட்டியால்தான் எடுக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகட்டுமே, நிறையத் தண்ணீர் பிடிக்குமே என்ற ஆசையில் பக்கெட்டின் பற்கள் களிமண்ணைக் கிழித்துவிட்டால், ஐப்பசியில் நிரம்பும் குளம் தை பிறப்பதற்குள் வற்றிவிடும். படிகளின் அடிக்கல்லிலிருந்து ஆறடிக்குள் இயந்திரமே போகக் கூடாது.

தரை முழுக்கக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்ற யோசனையை நாங்கள் எங்கும் ஏற்பதில்லை. நீர் சூடேறும், பாசி பெருகும், சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குப் போகும் கசிவு நின்றுவிடும். ஊர்க் கிணறுகள் ஊறுவதற்கும் சேர்த்துத்தான் முன்னோர் குளம் வெட்டினார்கள்.

முன் சொன்ன அதே அளவுக் குளத்தில் இரண்டடிச் சேறு இருந்தால் 1,500 கன மீட்டர், அதாவது சுமார் 530 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் 177 நடை. இத்தனையையும் எங்கே கொட்டுவது என்று முன்கூட்டியே முடிவுசெய்யாத ஊர்களில் சேறு கரையிலேயே குவிகிறது. முதல் மழையில் பாதி உள்ளே திரும்பிவிடுகிறது. சாக்கடை கலக்காத கிராமத்துக் குளத்தின் வண்டலை வயலுக்குத் தாராளமாகக் கொண்டுபோகலாம், பயிருக்கு நல்லது. நகரக் குளத்துச் சேற்றில் கண்ணாடித் துண்டும் ஆலைக் கழிவும் இருக்கக்கூடும் என்பதால், பரிசோதிக்காமல் வயலுக்கு அனுப்பக் கூடாது. சேற்றில் சிலையோ பழங்காசோ தட்டுப்பட்டால் இயந்திரத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, கிராம நிர்வாக அலுவலர் மூலம் வட்டாட்சியருக்குச் சொல்ல வேண்டும். புதையல் பற்றிய 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கையில் உழவாரப்படையோடு கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கிய திருநாவுக்கரசரும், பிறவியிலேயே கண் தெரியாத நிலையில் திருவாரூர்க் குளத்தில் கழி நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவித் தடவி மண் சுமந்த தண்டியடிகளும் இந்த வேலையை வழிபாடாகவே செய்து காட்டியவர்கள். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தோறும் சொந்தச் செலவில் உழவாரப் பணிக்கு வருகிறவர்களின் மனம் பெரியது. ஆனால் அந்த நாயன்மார்கள் காலத்துக் குளத்துச் சேறு வேறு, இன்றைய சேறு வேறு. சாக்கடை கலந்த சேற்றில் அடியார்களை வெறுங்காலோடு இறக்குவது சேவை ஆகாது. முழங்கால்வரை வரும் ரப்பர் காலணி, கையுறை, டெட்டனஸ் ஊசி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. குளத்துக்குள் கிணறுகள் இருக்கும், கும்பகோணம் மகாமகக் குளத்தில் மட்டும் 20. பூட்டிக் கிடந்த கிணற்றின் அடியில் நச்சு வாயு தேங்கியிருக்கும். வாயு அளக்கும் கருவி இல்லாவிட்டால் அந்தக் கிணற்றைத் தொடாமல் விட்டுவிடலாம். சாமி கோபிக்க மாட்டார்.

நீர் வந்த பிறகு காப்பது வேறு விதமான வேலை. வாய்க்கால் குளத்தில் விழும் இடத்துக்கு முன்பாக ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு வண்டல் தொட்டியும், அதன் வாயில் கம்பி வலையும், பக்கத்தில் ஒரு அடைப்புப் பலகையும் வேண்டும். பருவத்தின் முதல் மழை தெருவின் எண்ணெயையும் சாணத்தையும் குப்பையையும் அடித்துக்கொண்டு வரும். அதைப் பலகை போட்டு வெளியே திருப்பிவிட்டு, அடுத்த மழையிலிருந்து உள்ளே விடலாம். மழையே இல்லாத பங்குனிக் காலையில் அந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடினால், யாரோ வீட்டுக் கழிவுநீரை அதில் இணைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த வீட்டுக்குப் பேசப் போகிறவர் அதே தெருக்காரராக இருப்பது நல்லது. கோயில் நிர்வாகம் அனுப்பும் நோட்டீஸ் பகையை வளர்க்கும்; தெருப் பெரியவர் சொன்னால் அந்த வாரமே குழாய் மாறும். வாய்க்கால் ஓரத்தில் பள்ளிவாசல் இருந்தால் ஜமாஅத்தையும் முதல் கூட்டத்துக்கே அழைக்க வேண்டும். ஓடும் ஆற்றங்கரையிலும் ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுதல்) செய்யும் நீரை வீணாக்காதே என்ற நபிமொழியை அறிந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியது எதுவுமில்லை. சோப்புக் கலக்காத ஒளு நீரைத் தனிக் குழாயில் பிரித்து உறைகிணற்றில் விட்டால், அதே நிலத்தடி நீர்தான் குளத்தடியிலும் ஏறும்.

நீர் பச்சையாகி மீன் செத்து மிதந்தால் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊர் பேசும். பெரும்பாலும் காரணம் பக்தர்கள் போடும் உணவுதான். பொரியும் ரொட்டியும் அபிஷேகப் பாலும் நீரில் அழுகும்போது அங்குள்ள உயிர்வளியை (ஆக்சிஜனை) தின்றுவிடும். ஒரு லிட்டர் பால் நீரில் சிதைவதற்குச் சுமார் 100 கிராம் உயிர்வளியாவது தேவை. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் குளத்து நீரில் கரைந்திருப்பது ஏழு, எட்டு மில்லிகிராம்தான். ஆக ஒரு லிட்டர் பால் 13,000 லிட்டர் நீரின் மூச்சை எடுத்துவிடுகிறது. இரவில் பாசியும் உயிர்வளியை இழுப்பதால் விடியற்காலை நாலு, ஐந்து மணிக்குத்தான் நீர் மிகவும் மோசமாக இருக்கும். அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டால், அன்றே உணவு போடுவதை நிறுத்திவிட்டு, பம்பு வைத்து நீரைத் தூக்கி மழைபோல் விழச்செய்ய வேண்டும். அபிஷேகப் பால் வெளியேறும் கோமுகி குளத்தோடு இணைந்திருந்தால், அதைத் தென்னை மரங்களின் பக்கம் திருப்புவது அரை நாள் வேலை.

பரிகாரம் என்று உடுத்திய துணியை நீரிலேயே விட்டுவிடும் வழக்கம் பாபநாசத்தில் தாமிரபரணிக்கும், திருநள்ளாற்றில் நளதீர்த்தத்துக்கும் பெரிய சுமை. இன்றைய துணி பெரும்பாலும் பாலியஸ்டர், அது மட்காது. அபராதப் பலகை இதில் பலன் தருவதில்லை. சங்கல்பம் செய்து வைக்கும் குருக்களே "துணியை இந்தக் கூடையில் போடுங்க, தண்ணிய தலையில தெளிச்சுக்கிட்டா போதும்" என்று சொன்னால் மக்கள் மறுபேச்சில்லாமல் கேட்கிறார்கள். ஆகவே குருக்களோடு பேசாமல் எந்தக் குளப்பணியும் முழுமை அடையாது. பூவுக்கும் இதே முறைதான். மாலையில் நைலான் நூல், ஜிகினா, குண்டூசி எல்லாவற்றையும் பிரித்தெடுத்துவிட்டு, பூவோடு அதே அளவு காய்ந்த சருகு சேர்த்து, சாணக் கரைசல் தெளித்து, வாரம் ஒருமுறை புரட்டினால் இரண்டு மாதத்துக்குள் நந்தவனத்துக்கு உரம் தயார். சருகு குறைந்தால் பூ கூழாகி நாறும், ஈ மொய்க்கும். ஊர்க்காரர்கள் உரக்குழியை மூடச் சொல்வது அநேகமாக இதனால்தான்.

நன்கொடையாளர்கள் கம்பி வேலிக்கும் வண்ண விளக்குக்கும் மனமுவந்து கொடுக்கிறார்கள். அதில் அவர்கள் பெயர் பொறிக்கலாம். வண்டல் தொட்டியை மழைக்கு முன்னும் பின்னும் சுத்தம் செய்யும் ஓர் ஆளின் சம்பளத்துக்குக் கொடுக்க ஒருவரும் வருவதில்லை. சீரமைத்த குளங்கள் மீண்டும் கெட்டுப்போகும் இடம் அதுதான். அந்தச் சம்பளம் கோயிலின் வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் ஏற வேண்டும். கோயில் கணக்கு பசலி ஆண்டுப்படி ஜூலை முதல் தேதி தொடங்குகிறது. சித்திரையிலேயே செயல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டு, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆடியில் போய்க் கேட்டால் அடுத்த பசலிக்குத்தான் பார்க்க முடியும் என்பார்கள். அதற்குள் ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் தொட்டியைத் தாண்டிச் சேற்றோடு குளத்தில் இறங்கியிருக்கும்.