செயற்கைக்கோள் பச்சையும் கண்மாய்க்கரைப் பிள்ளைகளும்

என் ஆய்வேட்டின் தலைப்பை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: கண்மாய், ஊருணி, கோயில் காடு போன்றவற்றைப் பேணினால் வெயிலும் வெள்ளமும் மட்டுப்படும் என்கிறார்களே, அதனால் அவற்றின் பக்கத்தில் வளரும் பிள்ளைகளின் உடம்புக்கும் மனசுக்கும் என்ன கிடைக்கிறது? காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்கள்தான் களம். இப்படிப்பட்ட வேலைகளுக்கு ‘இயற்கை சார்ந்த தீர்வுகள்’ என்று பெயர். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016-ல் இதற்கு ஒரு வரையறை தந்தது. 2022-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையும் ஒன்றை ஏற்றது. இரண்டிலும் மனிதர் நலன் பற்றிய பேச்சு உண்டு.

இந்தத் துறையில் பச்சையை அளக்க வழக்கமான வழி செயற்கைக்கோள் படம். உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் −1 முதல் +1 வரை ஒரு எண் கிடைக்கும்; +1-ஐ நெருங்க நெருங்கப் பச்சை அதிகம். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படத்தில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பிள்ளையின் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் எவ்வளவு பச்சை என்று பார்த்து, மனநலக் கேள்வித்தாளின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். பச்சை என்றாலே பூங்கா என்று இருக்கிற நகரங்களில் இது ஓரளவு சரிவரும்.

இங்கே மே மாதப் படத்தைத் திறந்தால் அடர்த்தியாகத் தெரிவது பெரும்பாலும் சீமைக் கருவேலம். மழை பொய்த்தாலும் அது பச்சையாகவே நிற்கும். கண்மாய் உள்வாய், வரத்துக்கால், பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பின்புறம் என்று ஓர் இடம் பாக்கியில்லை. உள்ளே கால் வைத்தால் முள் செருப்பையும் தாண்டி ஏறும். வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களைத் தவிர அதற்குள் போகிற ஆள் குறைவு. அதே படத்தில் வெளிறிப்போய், மதிப்பே இல்லாததுபோலத் தெரிகிற இடம் எது தெரியுமா? தண்ணீர் வற்றிய கண்மாய்ப் பொட்டல். சாயங்காலம் அங்கே போய்ப் பாருங்கள், ஒரே நேரத்தில் மூன்று நான்கு கிரிக்கெட் ஆட்டம் நடக்கும். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடம்பு வேர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் பையன்கள் அதை அந்தப் பொட்டலில்தான் முடிக்கிறார்கள். சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது நினைவிருக்கும். அப்படி ஒரு கண்மாயைச் சுத்தம் செய்து பையன்களுக்கு இடம் கிடைத்தால், என் கணக்குப்படி அந்த ஊரின் சூழல் கெட்டுவிட்டது என்று வரும்!

கேள்வித்தாளின் கதை தனி. உலக சுகாதார நிறுவனத்தின் ‘டபிள்யூ.எச்.ஓ.-5’ என்ற மனநலக் கேள்வித்தாளில் ஐந்தே கேள்விகள். கடந்த இரண்டு வாரமாக உற்சாகமாக இருந்தாயா என்பதுபோல. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், கூட்டி நாலால் பெருக்கினால் நூற்றுக்கு இவ்வளவு. பொதுத்தேர்வு நெருங்கும்போது பிளஸ் டூ வகுப்பில் இதை நீட்டினால் என்ன பதில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் ஒப்புதல் படிவம். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் இசைவும் வேண்டும். அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ, வீட்டில் அப்பத்தா மட்டும் என்ற வீடுகள் இங்கே நிறைய. வாட்ஸ்அப்பில் படிவத்தை அனுப்பிவிட்டுக் காத்திருப்பது ஆய்வின் கணிசமான பகுதி.

ஆய்வைத் திருப்பிப் போட்டது எண்கள் அல்ல, வரைபடங்கள். வகுப்பில் வெள்ளைத் தாளைக் கொடுத்து, உங்கள் ஊரை வரைந்து நீங்கள் உட்காரும் இடம், நடக்கும் இடம், போகாத இடம் மூன்றையும் குறியுங்கள் என்றேன். பையன்களின் தாளில் கண்மாய், ஊருணி, ஐயனார் கோயில், தண்டவாளம் எல்லாம் வந்தன. பெண் பிள்ளைகளின் தாளில் பள்ளிக்கூடம், டியூஷன், ரேஷன் கடை, தண்ணீர்க் குழாய். ஊருணிக்கு எதிர்ச் சந்திலேயே குடியிருக்கும் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை வரையவே இல்லை. ஏன் என்றேன்.

“இருக்குக்கா. அது வழியாத்தான் சைக்கிள்ல போவேன். ஆனா நிக்க மாட்டேன்.”

“ஏம்மா?”

“நின்னா யாரு கூட நின்னேன்னு கேப்பாக.”

செயற்கைக்கோள் கணக்கில் அவளுக்கும், அடுத்த வீட்டில் இருக்கிற, நாள் முழுக்க ஊருணிப் படியில் கிடக்கிற அவள் சித்தப்பா மகனுக்கும் ஒரே எண்.

தண்ணீர்ப் பக்கம் போக விடாத அம்மாக்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. சவுடு மண் அள்ளிய கண்மாயில் மழைக்குப் பிறகு எங்கே பள்ளம் என்று தெரியாது. நீச்சல் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. நீர்நிலை மனசுக்கு நல்லது என்று எழுதுகிற கட்டுரைகள் பலவற்றில் நீரில் மூழ்கும் ஆபத்துக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது.

கோயில் காடு இன்னும் சிக்கல். வீரையும் காசானும் நெருங்கி நிற்கும் அந்தக் காட்டுக்குள் மே மாத மதியத்திலும் நிற்கலாம். கொப்பு ஒடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்ற கட்டுப்பாட்டால்தான் அது இன்னும் இருக்கிறது. அதே கட்டுப்பாடுதான் பெண்களை மாதத்தில் சில நாள் வெளியே நிறுத்துகிறது. கட்டுப்பாட்டைக் குறைசொல்லிவிட்டுக் காட்டை மட்டும் புகழ எனக்கு மனசு வரவில்லை, இரண்டையும் எழுதினேன். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர்களிலும் இருப்பது ஊர்க்கட்டுப்பாடுதான். ஆனால் அங்கே நாரைகளைக் காப்பதில் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கிறது.

செட்டிநாட்டு வீடுகளின் குளுமையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்: தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, முற்றம், ஆத்தங்குடிக் கல். அவற்றில் பல பூட்டிக் கிடக்கின்றன. நான் பேசிய பிள்ளைகளில் பலர் படிப்பது தகரக் கொட்டகையிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழும்.

என்ன வேண்டும் என்று கேட்டபோது பெண் பிள்ளைகள் மரம் கேட்கவில்லை. ஊருணிக் கரையில் விளக்கு, பக்கத்தில் கழிப்பறை, சாயங்காலம் தங்கள் அம்மாக்களும் அங்கே நடக்க வர வேண்டும், இவ்வளவுதான். ஆய்வை மதிப்பிடும் டாக்டரல் கமிட்டி (டி.சி.) மீட்டிங்கில் இதைச் சொன்னதும் ஒருவர், “இதுல இயற்கை எங்கம்மா இருக்கு?” என்றார். நியாயமான கேள்வி. ஊருணி ஏற்கெனவே இருக்கிறது சார், போய்ச் சேர்வதுதான் இல்லை என்றேன். அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. பின்னிணைப்பில் போடலாம் என்றார். என் கைடு மட்டும் தனி இயலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இப்போது என் கேள்வித்தாளில் ஒரு வரியை மாற்றியிருக்கிறேன். ‘உன் வீட்டுக்கு அருகில் பசுமையான இடம் உள்ளதா?’ என்பது போய், ‘அங்கே பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? உட்கார்ந்தால் யார் என்ன சொல்வார்கள்?’ என்று வந்திருக்கிறது. ஒரு வரி மாறினாலும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை மறுபடி வாங்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வந்துவிட்டால் நல்லது.