கூட்ஸ் யார்டும் மழைத்தண்ணியும்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் என்றதும் முகப்பும் உயர்ந்த கூரையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் வேலை பார்த்தது சரக்கு வண்டிகள் நின்ற பக்கம், தண்டவாளப் பராமரிப்புக் கேங்கில்.

1923-இல் சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியதும், பெட்டிகளைப் படகில் ஏற்றி ஜலசந்தி கடத்திய காலம் முடிந்தது. 1932-இல் திறந்த இந்த நிலையத்தைக் கெப்பல் துறைமுகத்தை ஒட்டி அமைத்ததற்குச் சரக்கும் முக்கியக் காரணம்.

சரக்குப் பெட்டிகளை நிறுத்திப் பிரிக்கும் யார்டைக் கட்டுவதில் ஒரு பொல்லாத முரண் உண்டு. எஞ்சின் கழற்றிய பெட்டி தானாக உருளக்கூடாது. அதனால் தண்டவாளம் நீளவாக்கில் கிட்டத்தட்ட மட்டமாகவே இருக்க வேண்டும். 400-க்கு 1 என்ற சரிவுக்கு மேல் பொதுவாக வைப்பதில்லை. மட்டமான தரையிலோ தண்ணி தேங்கும். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மி.மீ. மழை பெய்கிற ஊர் இது! தேங்கிய தண்ணி அடிமண்ணைக் குழைத்துவிடும். ஒவ்வொரு சக்கரமும் ஏறி இறங்கும்போது சேறு ஜல்லிக்குள் பீறிட்டு வரும். அப்புறம் ஸ்லீப்பர் கட்டை ஆடும், 1,000 மி.மீ. பாதை அகலம் பிசகும், பெட்டிகளைத் தடம் மாற்றிச் சேர்க்கும் ஷண்டிங்கில் பெட்டி தடம் புரளும். ஆகவே சரிவைக் குறுக்குவாக்கில் கொடுத்து, தண்டவாளங்களுக்கு இடையே வடிகால் வெட்ட வேண்டும். எங்கள் மண்டோர், அதாவது மேஸ்திரி, சொல்வார்: "தம்பி, தண்ணி போற வழிய மொதல்ல பாரு. ரயிலு அப்புறம்."

மழை விட்டதும் நாங்கள் முதலில் ஓடுவது வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயிண்ட்ஸுக்குத்தான். அதன் நகரும் தண்டவாள நாக்குக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் இடையில் ஒரு ஜல்லிக்கல் சிக்கினாலும் நாக்கு முழுதாக ஒட்டாது. கையால் தடவிப் பார்த்து, சுத்தம் செய்து, எண்ணெய் விடுவோம். கவனிக்க யாரும் இல்லாவிட்டாலும் மனசாரச் செய்த வேலை அது.

சரக்குக் கிட்டங்கியின் தளம் பெட்டியின் தரைமட்டத்துக்கே இருக்கும். மூட்டையைத் தூக்காமல் தள்ளுவண்டியிலேயே உருட்டிப் போகலாம். எத்தனை முதுகுகளைக் காப்பாற்றிய ஏற்பாடு!

ரயில்வேயில் தமிழர்கள் நிறைய. குவீன்ஸ்வே பக்கம் அவர்கள் வைத்த சிறு முனீஸ்வரர் கோயில்தான் இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய ஆலயமாக நிற்கிறது.

2011 ஜூலை 1 முதல் ரயில் வடக்கு எல்லையிலுள்ள உட்லண்ட்ஸோடு நின்றுவிட்டது. நிலையக் கட்டடம் தேசிய நினைவுச்சின்னமானது எனக்குப் பெருமைதான். ஆனாலும் கட்டடத்தை மட்டும் காட்டினால் பாதிக் கதைதான் தெரியும். அங்கே ஒரு ஜோடி பாயிண்ட்ஸையும் வடிகாலோடு கொஞ்சம் தண்டவாளத்தையும் அமைத்து, பிள்ளைகளே நெம்புகோலை இழுத்துப் பார்க்கவிட வேண்டும்.