சொட்டு ஈரம் இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது: பழைய பிக்கப்பில் கோளாறு தேடிய அனுபவம்

என் பழைய பெட்ரோல் பிக்கப்பில் இரண்டு தொல்லைகள் சேர்ந்து வந்தன. ரேடியேட்டரில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. சுமையோடு மேட்டில் ஏறினால் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது. வண்டி நின்ற இடத்தில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. கேட்டவர்களில் பலரும் சொன்னது ஒன்றுதான்: "ஹெட் கேஸ்கட் போயிருக்கும், இன்ஜினைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்." (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே இருந்து, எரியும் வாயுவும் கூலன்டும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலக்காமல் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட்.)

கழற்றுவதற்கு முன்னால் வெளியிலிருந்தே சோதித்துப் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. கூலன்ட் எங்கே போகிறது என்பது ஒரு கேள்வி. இன்ஜின் ஏன் சூடாகிறது என்பது இன்னொரு கேள்வி. ஒன்றுக்கு விடை கிடைத்தால் மற்றதும் தீர்ந்துவிடும் என்று நினைக்காமல், இரண்டையும் தனித்தனியாகவே தேடினேன்.

முதலில் கூலன்ட். இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பேன். (சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கையே வைக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் கொதித்துப் பீய்ச்சி முகத்தைப் பொசுக்கிவிடும்.) ரிசர்வ் பாட்டிலில் அளவு அப்படியே இருந்தது, ரேடியேட்டருக்குள் மட்டும் குறைந்திருந்தது. எனக்கு இதுதான் முதல் நல்ல துப்பு. மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. சூட்டில் விரியும் கூலன்டை ஒன்று பாட்டிலுக்குத் தள்ளிவிடும், ஆறும்போது இன்னொன்று அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வழியில் எங்காவது ஓட்டை இருந்தால், ஆறும்போது பாட்டிலிலிருந்து கூலன்ட் வராது, ஓட்டை வழியாகக் காற்றுதான் உள்ளே போகும். மூடியின் ரப்பர் கெட்டுப்போயிருந்தாலும் இதே கதைதான். ஆகவே பாட்டிலை மட்டும் பார்த்துவிட்டு அளவு சரியாக இருக்கிறது என்று நம்பிப் போவது ஆபத்து.

அடுத்து பிரஷர் டெஸ்டர். ரேடியேட்டர் வாயில் மூடிக்குப் பதிலாகப் பொருத்தி, கையால் காற்றடிக்கும் சிறு கருவி இது. இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரை நிரப்பி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்ற வேண்டும். என் மூடியில் 1.1 பார் என்றிருந்தது, ஏறக்குறைய 16 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் அடித்தால் பழைய ஹோஸும் ரேடியேட்டரும் தாங்காமல் போகலாம். மூடியையும் அதே கருவியில் மாட்டிப் பார்த்தேன், அழுத்தத்தைப் பிடித்து நின்றது. ஆனால் ரேடியேட்டரில் மாட்டியபோது முள் மெல்ல மெல்ல இறங்கியது. அப்படியென்றால் எங்கோ கசிகிறது.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் பொறுமை வேண்டியிருந்தது. ஹோஸ் முனைகள், கிளிப்புகள், ரேடியேட்டர் ஓரங்கள் எல்லாம் காய்ந்து கிடந்தன. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், உள்ளே சீல் தேய்ந்தால் முதலில் அங்கேதான் கறை படியும். அதுவும் சுத்தம். கேபினுக்குள் ஹீட்டரிலும் கூலன்ட்தான் ஓடுகிறது, அது கசிந்தால் முன் சீட்டுக் காலடி விரிப்பு நனையும், கண்ணாடியில் எண்ணெய்ப் பசை மாதிரி மூட்டம் படியும். அந்த அறிகுறியும் இல்லை.

அப்புறம் டார்ச்சும் சிறு கண்ணாடியும் எடுத்துக்கொண்டு இன்ஜினின் பின்பக்கம் பார்த்தேன். இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பின்னால், இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில், கோர் பிளக் ஒன்றின் விளிம்பில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு கட்டியிருந்தது. பிளாக்கை வார்க்கும்போது விடப்படும் துளைகளை அடைக்கும் வட்டமான உலோக மூடிதான் கோர் பிளக். டெஸ்டரில் அழுத்தம் ஏற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். துரு அரித்த புள்ளியில் ஒரு துளி முத்தாகத் திரண்டு நேராக எக்ஸாஸ்ட் குழாய் மேல் விழுந்தது. ஓடும்போது அந்தக் குழாய் கொதிக்கும், விழுந்த துளி அங்கேயே ஆவியாகிவிடும். தரையில் ஈரம் இல்லாததற்கும், வண்டியை நிறுத்தியதும் ஒரு இனிப்பு வாடை வந்ததற்கும் இதுதான் காரணம்.

கசிவு கிடைத்துவிட்டாலும் ஹெட் கேஸ்கட் சந்தேகத்தை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் ரசாயனச் சோதனை ஒன்று இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது கூலன்டுக்கு மேலே இருக்கும் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியாக இழுக்க வேண்டும். இன்ஜினில் எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் இன்ஜினில் அந்தத் திரவம் மஞ்சளாக மாறும். கூலன்ட் அளவைக் கொஞ்சம் குறைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும், குழாய்க்குள் கூலன்ட் ஏறிவிட்டால் சோதனை கெட்டுவிடும். எனக்கு நீலம் நீலமாகவே இருந்தது. எண்ணெயில் பால் நிறம் இல்லை, சூடான பிறகும் தொடரும் வெள்ளைப் புகை இல்லை. ஒன்று சொல்ல வேண்டும்: எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெளிர் நுரை தெரிந்தால் பயந்துவிட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் தங்கியும் அப்படி ஆகும். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் என்ன தெரிகிறது என்பதுதான் முக்கியம்.

இனி சூட்டுக்கு வருவோம். கசிவினால் கூலன்ட் குறைந்துதான் சூடாகிறது என்று முடிவுகட்டுவது சுலபம். ஆனால் ரேடியேட்டரை நிரப்பிவிட்டுக் கிளம்பிய நாட்களிலும் மேட்டில் முள் ஏறியது, ஏறி இறங்கிய பிறகு பார்த்தாலும் அளவு பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. எப்போது சூடாகிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நின்றபடி ஓடும்போதும் நெரிசலில் ஊரும்போதும் சூடானால் ஃபேன், அதைச் சூட்டுக்கேற்பச் சுழற்றும் ஃபேன் கிளட்ச் பக்கம் சந்தேகம் போக வேண்டும். வேகத்திலும் சுமையிலும் சூடானால் கூலன்ட் சுற்றிவருவதிலோ ரேடியேட்டரிலோ குறை. என் வண்டி நின்ற இடத்தில் எவ்வளவு நேரம் ஓடினாலும் முள் நடுவிலேயே நின்றது.

இன்ஜின் சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு சூடேற்றிப் பார்த்தேன். மேலே 82 என்று பொறித்திருந்தது, தெர்மாமீட்டரில் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் திறக்க ஆரம்பித்தது. அதில் குறையில்லை. இன்ஜினை வேகமாக ஓடவிட்டுக் கீழ் ஹோஸைக் கவனித்தேன். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது, உள்ளே இருக்கும் சுருள்கம்பி துருப்பிடித்துப் போனால் ஹோஸ் ஒட்டிக்கொண்டு ஓட்டத்தை அடைக்கும். அதுவும் ஒட்டவில்லை.

மிஞ்சியது ரேடியேட்டர். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அதன் முகப்பு முழுவதையும் அளந்தேன். கூலன்ட் நுழையும் இடத்திலிருந்து வெளியேறும் இடம் வரை சூடு சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். இங்கே கீழ்ப்பகுதியில் ஒரு பெரிய பட்டை மட்டும் சட்டென்று குளிர்ந்திருந்தது. அந்தக் குழாய்களில் ஓட்டமே இல்லை என்று அர்த்தம். சும்மா நிற்கும்போது மீதிக் குழாய்கள் சமாளித்துவிட்டன, சுமை ஏறியதும் முடியவில்லை.

கோர் பிளக்கைக் கழற்றியபோது இரண்டு கேள்விக்கும் ஒரே விடை வந்து விழுந்தது. ஒரு விளிம்பில் பஞ்ச் வைத்து மெல்லத் தட்டினால் பிளக் குறுக்காகத் திரும்பும், பிளையரால் பிடித்து இழுத்துவிடலாம். (ஓங்கித் தட்டினால் உள்ளே விழுந்துவிடும்.) துளை வழியாகச் செம்பழுப்புச் சேறு வழிந்தது. முன்பு வைத்திருந்தவர் நெடுங்காலம் வெறும் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார் என்பது அதைப் பார்த்ததும் புரிந்தது. துருவைத் தடுக்கும் மருந்து அந்தத் தண்ணீரில் கிடையாது. இரும்பு பிளக் அரித்துப்போனதும் அதனால்தான், கழன்ற துரு போய் ரேடியேட்டர் குழாய்களை அடைத்ததும் அதனால்தான். இன்னொரு இழப்பும் இருக்கிறது. தண்ணீரோடு சரிபாதி கலந்த கூலன்ட் சாதாரண அழுத்தத்திலேயே ஏறக்குறைய 106 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும், மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் 125-ஐத் தாண்டும். வெறும் தண்ணீரில் அந்த அளவு காப்பு இல்லை.

துளையின் உள்விளிம்பை எமெரி தாளால் தேய்த்து, சீலன்ட் தடவி, பித்தளை பிளக்கை அளவான சாக்கெட் வைத்து நேராகத் தட்டி இறக்கினேன். பித்தளை துருப்பிடிக்காது. பிளாக்கைத் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசினேன். ரேடியேட்டரைத் தலைகீழ் ஓட்டத்தில் அலசியும் குளிர்ந்த பட்டை மறையவில்லை, அதனால் புதிதே போட்டேன். கசிவை அடைக்கும் பொடியோ திரவமோ ஊற்றச் சிலர் சொன்னார்கள். ஏற்கெனவே பாதி அடைபட்ட ரேடியேட்டரில் இன்னும் அடைப்பதற்கான பொருளை ஊற்ற நான் சம்மதிக்கவே மாட்டேன். வடித்த பழைய கூலன்டை மூடியிட்ட கேனில் எடுத்து வைத்தேன். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும்.

நிரப்பும்போது காற்றுக்குமிழி தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி சரிவில் நிறுத்தி, மூடியை மாட்டாமல் ஆறிய இன்ஜினைக் கிளப்பி, ஹீட்டரை முழுவதும் திறந்து வைத்தேன். தெர்மோஸ்டாட் திறந்ததும் அளவு சட்டென்று இறங்கும், கலவை ஊற்ற ஊற்றக் குமிழிகள் வெளியேறும். குமிழி நின்றதும் மூடியை மாட்டினேன். முள்ளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை: கூலன்ட் மிகவும் குறைந்து சென்சார் வெறும் ஆவியில் நின்றால், இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கிக் காட்டும். ஏறிய முள் திடீரென்று விழுந்தால் உடனே ஓரம்கட்டி நிறுத்திவிடுங்கள்.

மறுநாள் ஆறிய இன்ஜினில் மறுபடி டெஸ்டரை மாட்டினேன், அழுத்தம் அசையவில்லை. அதே சுமையோடு அதே மேட்டில் ஏறியபோது முள் நடுவைத் தாண்டவில்லை. இப்போதும் காலையில் மூடியைத் திறந்து அளவோடு நிறத்தையும் பார்க்கிறேன். எவ்வளவு அலசினாலும் பிளாக்கின் மூலைகளில் பழைய துரு கொஞ்சம் மிஞ்சியிருக்கும். கூலன்ட் பழுப்பேறினால், புது ரேடியேட்டரை அது அடைக்கும் முன்பே வடித்து மறுபடி அலசிவிடுவேன்.