நாலாவது கிளியில்தான் பச்சை பிடிபட்டது

மரத்தில் செதுக்கிய மூன்று கிளிகள் வீணாய்ப் போன பிறகு நேற்று ராத்திரிதான் அந்தப் பச்சை வந்தது. வீட்டில் காட்டினேன். "கிளின்னா பச்சையாத்தானே இருக்கும்?" என்றாள் மனைவி. சரி, விடுங்கள்.

செதுக்குவது மலபார் கிளி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. வால்பாறைக்குப் போனபோது தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் பார்த்தேன். மூக்கிலிருந்து வால் நுனிவரை 38 சென்டிமீட்டர் இருக்கும். தலையும் மார்பும் புறாச் சாம்பல். அறிவியல் பெயரில் வரும் 'கொலம்பாய்டெஸ்' என்பதற்கே புறா போன்றது என்றுதான் பொருள். ஆணுக்கு மேல் அலகு சிவப்பு, பெண்ணுக்குக் கறுப்பு. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் முட்டையிடும்.

முதல் கிளியைப் பால்மரக் (ரப்பர் மரக்) கட்டையில் செய்தேன். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் அதற்கா பஞ்சம்? மருந்து ஏற்றாத பச்சைக் கட்டை; பூஞ்சை ஏறி நீலம் பாய்ந்துவிட்டது, அதுவும் அலகில். உப்புத்தாள் தேய்த்தெல்லாம் அது போகாது. அதற்குப் பிறகு ஜெலுத்தோங் என்கிற மெத்தென்ற மரம்தான். உளிக்கு வெண்ணெய் மாதிரி.

இனி பச்சை. நீலத்தையும் மஞ்சளையும் தட்டிலேயே கலந்து பூசினால் தகரக் கதவுப் பச்சைதான் வருகிறது. கிளியின் இறகில் பச்சைச் சாயமே கிடையாது. இறகின் உள்ளமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலம் காட்டுகிறது; அதன்மேல் மஞ்சள் சாயம் ஒரு படலமாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் நம் கண்ணுக்குப் பச்சை. அப்படியானால் நானும் அடியில் நீலம் பூசி மேலே மஞ்சள் ஏற்றிப் பார்ப்போமே என்று இறங்கினேன். இரண்டாவது கிளிக்கு ஈப்போவில் ஒரு கடைக்காரர் கொடுத்த காட்மியம் மஞ்சள். அது ஒளி ஊடுருவாத மஞ்சள். நீலத்தை அப்படியே மூடிவிட்டது. வாங்கும்போது நாலு தரம் கேட்டேன், "எல்லா மஞ்சளும் ஒண்ணுதான்" என்றார். 18 வெள்ளி (ரிங்கிட்) போச்சு. மூன்றாவதில் சரியான மஞ்சள், ஆனால் எனக்குப் பொறுமை இல்லை. ஈரம் காயுமுன் அடுத்த பூச்சு போட்டதில் நீலம் தோலாக உரிந்து வந்தது.

நாலாவதில் ஒளி ஊடுருவும் ஹன்ஸா மஞ்சளை நீர்க்கக் கரைத்து, ஒரு ராத்திரிக்கு ஒரு பூச்சு என்று ஐந்து பூச்சு. முதுகு பச்சையானது. கழுத்தின் கறுப்பு வளையத்துக்குக் கீழே ஒரே பூச்சோடு நிறுத்தினேன், அந்த நீலப்பச்சைப் பட்டை தானாகவே வந்துவிட்டது. சிறகிலும் வாலிலும் மஞ்சளே தொடவில்லை, நீலமாகவே நிற்கின்றன. வால் நுனியில் மட்டும் வெள்ளை மேல் நேராக மஞ்சள்.

அடுத்தது நம்மூர்க் கிளி. சாயங்காலம் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துப் பக்கம் கத்திக்கொண்டு பறக்குமே, கன்னம் சிவந்த நீளவால் கிளி, அதற்குக் கட்டைகூட அறுத்து வைத்தாயிற்று. ஆனால் இதற்கே இன்னும் கால் வைக்கவில்லை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு விரல். மரத்தில் செதுக்கினால் பின்விரல் ஒடிந்துவிடுகிறது. செப்புக் கம்பி வாங்கும்வரை டிவிக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கட்டும்.