டேப்பட் சத்தமும் ஆயிலும்

ரோஸ் ஹில்ல நான் வேலை பாக்குற கராஜுக்கு வர்ற வண்டியில பெரும்பாலானது ஜப்பான்ல ஓடி முடிச்சு கப்பல்ல மொரீஷியஸ் வந்ததுதான். அப்படி வந்த ஒண்ணுதான் யூனோஸ் ரோட்ஸ்டர், வெளிநாட்டுல மாஸ்டா எம்எக்ஸ்-5ன்னு வித்தாங்களே அதே வண்டி, 1989ல வந்த முதல் மாடல், 1.6 லிட்டர், ரெண்டு கேம்ஷாஃப்ட், 16 வால்வு. கியூர்பிப்ல இருக்குற ஒரு ரிட்டயர்டு தமிழ் வாத்தியாரோடது. ஐயா அதை கிட்டத்தட்ட பூஜை பண்ணி வெச்சிருந்தாரு, பெயிண்ட்ல ஒரு கீறல் கிடையாது, ஆனா பானெட்டுக்குள்ள இருந்து டிக் டிக் டிக்குன்னு சத்தம். "தம்பி, பதினாறு டேப்பட்டையும் மாற்றிவிடுங்கள், தைப்பூசக் காவடிக்கு முன்பு வண்டி வேண்டும்"னு பள்ளிக்கூடத் தமிழ்ல சொல்லிட்டு சாவியைக் கொடுத்தாரு.

டேப்பட்னா கேம்ஷாஃப்ட்டுக்கும் (மேடு வெச்ச சுத்துற தண்டு, சுருக்கமா கேம்) வால்வுக்கும் நடுவுல உக்காந்து வால்வைத் தள்ளித் திறக்குற சின்ன பொருள். நான் உடனே சரின்னு சொல்லல. சத்தம் வந்தா பார்ட்ஸ் மாத்துறதுன்னு ஒரு பழக்கம் எல்லா ஊர் கராஜ்லயும் இருக்கு, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. சத்தம் எங்க இருந்து வருது, எப்ப வருது, சூடானா என்ன ஆகுதுன்னு பாக்காம ஸ்பேனரை எடுக்கக் கூடாதுன்னுதான் கோயம்புத்தூர்ல எனக்கு வேலை கத்துக்கொடுத்தவரு சொல்லிக்கொடுத்தாரு, இன்னைக்கும் நான் அப்படித்தான் செய்றேன். நீளமான ஸ்க்ரூ டிரைவரோட பிடியைக் காதுல வெச்சுக்கிட்டு முனையை ஹெட்டுல, அதாவது வால்வு இருக்குற இன்ஜின் மேல்பாகத்துல, ஒவ்வொரு இடமா வெச்சு கேக்கணும். பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டரும் டிக் டிக்னுதான் அடிக்கும், ஆனா அது மெல்லிசான சத்தம், இன்ஜெக்டர் மேலயே வெச்சா தெளிவா பிரிஞ்சு தெரியும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங் லீக்கும் டேப்பட் மாதிரியே ஏமாத்தும். ராடு பேரிங் சத்தம்னா அடியில இருந்து கனமா வரும், லோடு ஏறுனா கூடும். டேப்பட்டுக்கு ஒரு அளவு இருக்கு, ஐடில் 850 ஆர்பிஎம்னா கேம் அதுல பாதிதான் சுத்தும், 425, அப்ப ஒரு டேப்பட் நொடிக்கு ஏழு தடவை கிட்ட தட்டும். இந்த வண்டியில எக்ஸாஸ்ட் பக்கம் பின்னாடி சிலிண்டர்ல அந்த வேகத்துல பளிச்சுன்னு கேட்டுச்சு, இன்டேக் பக்கமும் ஒண்ணு ரெண்டு லேசா.

அடுத்து ஆயில் பிரஷர். இந்த முதல் மாடல்ல டாஷ்போர்டுல இருக்குற ஆயில் கேஜ் நெஜமாவே பிரஷரைக் காட்டுறது, பின்னாடி வந்த வருஷ வண்டிகள்ல அதை சும்மா நடுவுல நிக்குற முள்ளா மாத்திட்டாங்க. ஆனாலும் நான் அதை மட்டும் நம்பல, இன்ஜின்ல இருக்குற ஆயில் பிரஷர் சென்சாரைக் கழட்டிட்டு தனி கேஜ் போட்டு பாத்தேன், சூடான இன்ஜின்ல 3000 ஆர்பிஎம்ல சதுர சென்டிமீட்டருக்கு மூணு கிலோவுக்கு மேல நின்னுச்சு. பம்பு நல்லா இருக்கு. அப்ப ஆயில் ஹெட்டு வரைக்கும் வருது, டேப்பட்டுக்குள்ளதான் ஏதோ தடுக்குது.

ஹைட்ராலிக் டேப்பட்டு எவ்வளவு அழகான பொருள்னு யாரும் நின்னு யோசிக்கிறதில்ல. வெளியில பாத்தா கவுத்துப் போட்ட டம்ளர் மாதிரி இருக்கும், உள்ள ஒரு சின்ன பிளன்ஜர், ஒரு ஸ்பிரிங், ஒரு குட்டி பால் வால்வு, அவ்வளவுதான். கேமோட மேடு இல்லாத பக்கம் டேப்பட் மேல வரும்போது ஸ்பிரிங் பிளன்ஜரைத் தள்ளி இடைவெளியை அடைக்கும், அந்த நேரம் பால் திறந்து ஆயில் உள்ள போகும், அடுத்து மேடு வந்து அழுத்தும்போது பால் மூடிக்கும், உள்ள மாட்டுன ஆயிலை அமுக்க முடியாது, அதனால முழுசும் இரும்பு மாதிரி நின்னு வால்வைத் திறக்கும். ஃபீலர் கேஜ் போட்டு கிளியரன்ஸ் வெக்கிற வேலையே கிடையாது, தேய தேய அதுவே சரி பண்ணிக்கும். ஆனா அந்த பால் உக்கார்ற இடத்துல ஒரு பொடி அழுக்கு இருந்தாலும் ஆயில் திரும்பி வெளிய ஓடிடும், பிளன்ஜர் அமுங்கிடும், இடைவெளி விழுந்து கேம் வந்து டம்முன்னு அடிக்கும், அதுதான் நம்ம காதுல விழுற டிக். ஆயில்ல காத்து கலந்தாலும் இதே கதைதான், அளவுக்கு மேல ஊத்துனாலும் கம்மியா இருந்தாலும் நுரை வரும், காத்தை அமுக்கலாமே, டேப்பட் மெத்து மெத்துன்னு ஆயிடும்.

ஐயாகிட்ட வண்டியை எப்படி ஓட்டுவீங்கன்னு கேட்டேன். வீட்டுல இருந்து மார்க்கெட், மார்க்கெட்ல இருந்து வீடு, மழை இல்லாத ஞாயித்துக்கிழமை கொஞ்ச தூரம். எனக்கு பாதி விஷயம் அங்கயே விளங்கிடுச்சு. கியூர்பிப் இந்தத் தீவோட உச்சியில இருக்குற ஈரமான ஊரு, போர்ட் லூயிஸ்ல வேர்த்து ஊத்துற அன்னைக்கும் அங்க தூறல்தான். அந்த ஈரத்துல ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துனா இன்ஜின் ஆயில் ஒரு நாளும் முழு சூட்டுக்கு வராது, எரியும்போது உண்டாகுற தண்ணி ஆவியாகி வெளிய போகாது, ஆயில்லயே தங்கும், கூடவே பெட்ரோலும் கொஞ்சம் கலக்கும், கசடு கட்டும். கிலோமீட்டர் குறைவா ஓடுற வண்டி நல்லா இருக்கும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, டேப்பட் விஷயத்துல அப்படியே நேர் எதிர். வண்டி கம்மியா ஓடுதுன்னு ஆயிலும் ரொம்ப நாளா மாத்தாம கிடந்திருக்கு, ஃபில்லர் மூடியைத் திறந்தா அடியில மஞ்சளா பசை.

அதனால முதல்ல ஆயிலும் ஃபில்டரும் மட்டும் மாத்துனேன், 10டபிள்யூ-40, ஃபில்டர் மட்டும் நல்லதா பாத்து, உள்ள ரப்பர் வால்வு இருக்குறது, அது இல்லாட்டி ராத்திரியில ஆயில் எல்லாம் கீழ இறங்கி காலையில டேப்பட் காலியா கிடக்கும். எம்1 மோட்டார்வேல ஏத்தி பிளேசான்ஸ் ஏர்போர்ட் வரைக்கும் நல்லா ரெவ் புடிச்சு ஓட்டிட்டு வந்தேன். இன்டேக் பக்கம் சத்தம் போயே போச்சு. எக்ஸாஸ்ட் பக்கம் குறைஞ்சுது, ஆனா நிக்கல, இன்ஜின் நல்லா சூடான பிறகும் தட்டுது. காலையில ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்ச நேரம் தட்டிட்டு அடங்குனா அதை விட்டுடலாம், நான் யாருக்கும் அதுக்காக ஹெட்டைத் திறக்கச் சொல்ல மாட்டேன், சூட்டுலயும் நிக்கலன்னாதான் வேலை.

டேப்பட் கவரைத் திறந்து கேமோட மேடு மேல பாத்து நிக்குற மாதிரி திருப்பி, ஒவ்வொரு டேப்பட்டா கட்டைவிரலால அழுத்திப் பாத்தோம். நல்லது கல்லு மாதிரி நிக்கும். எக்ஸாஸ்ட்ல மூணு ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்குச்சு. அப்ப ஐயா, மூணு மட்டும் போட்டா போதாதான்னு கேட்டாரு, நியாயமான கேள்விதான், சின்ன பொருளா இருந்தாலும் ஜப்பான்ல இருந்து வரணும். நான் சொன்னேன், ஐயா, டைமிங் பெல்ட்டைக் கழட்டி ரெண்டு கேமையும் தூக்கித்தான் இதை எடுக்க முடியும், வேலை மூணுக்கும் பதினாறுக்கும் ஒண்ணுதான், மிச்சம் பதிமூணும் இதே அழுக்கு ஆயிலைத்தான் இவ்வளவு வருஷமா குடிச்சிருக்கு. ஒத்துக்கிட்டாரு. பெல்ட் எப்ப மாத்துனதுன்னு பேப்பரே இல்லை, அதனால பெல்ட், கேம் சீல், வாட்டர் பம்பும் சேத்து எழுதுனேன். இந்த இன்ஜின்ல பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டன்ல இடிக்காது, அதுக்காக பழசை மாட்ட மனசு வராது.

கேமை எடுக்கும்போதுதான் பொறுமை வேணும். ஒரு கேமுக்கு அஞ்சு கேப், ஒவ்வொண்ணுலயும் நம்பரும் அம்புக்குறியும் இருக்கு. ஒரு பக்கம் மட்டும் முழுசா லூஸ் பண்ணா வால்வு ஸ்பிரிங் மறுபக்கம் தூக்கி கேமே முறிஞ்சிரும், அதனால சொன்ன வரிசையில கால் சுத்து கால் சுத்தா எல்லாத்தையும் சமமா விடணும். எங்க ஹெல்பர் பையன் கிரியோல்தான் பேசுவான், தமிழ் கொஞ்சம் புரியும், டேப்பட்டை பூஸ்வார்னுதான் சொல்லுவான், அவன் கையிலயே டார்க் ரெஞ்சைக் கொடுத்து திரும்ப மாட்டும்போது 11லிருந்து 14 நியூட்டன் மீட்டருக்குள்ள நிறுத்தச் சொன்னேன், ரொம்ப கம்மி டார்க், கை பலத்துல போட்டா அலுமினிய மரை உருவிடும். நிதானமா செஞ்சான், நல்ல கை அவனுக்கு.

பழைய டேப்பட் ஒண்ணை மரக்கட்டையில தட்டி பிரிச்சுப் பாத்தோம். உள்ள பிளன்ஜர் பூரா காப்பி கலர்ல வார்னிஷ், பால் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இதை மண்ணெண்ணெயில ஊறப்போட்டு கழுவி திரும்பப் போடுறவங்க உண்டு, காசு இல்லாத இடத்துல நானே செஞ்சிருக்கேன், பாதிக்குப் பாதி உயிர் வரும். ஆனா புதுசு போடுறதோ பழசைக் கழுவுறதோ, டேப்பட் உக்கார்ற குழியையும் அதுக்கு ஆயில் வர்ற ஓட்டையையும் சுத்தம் பண்ணாம போட்டா அதே அழுக்கு புதுசுலயும் போய் உக்காரும். நாங்க ஒவ்வொரு ஓட்டையா கார்ப் கிளீனர் அடிச்சு காத்து புடிச்சு, மெல்லிசு பிரஷ் விட்டு, துணி கறுக்காம வர்ற வரைக்கும் தொடைச்சோம். பழைய டேப்பட்டைத் திரும்பப் போடுறதா இருந்தா எது எந்தக் குழியில இருந்துச்சோ அங்கயே போடணும், தேய்மானம் ஜோடியா பழகியிருக்கும்.

புதுசுல ஆயில் தடவி இறக்கி, கேம் போட்டு, கேம் புல்லில இருக்குற ஐ (இன்டேக்), ஈ (எக்ஸாஸ்ட்) மார்க்கை மேல நேரா நிறுத்தி, ரெண்டு மார்க்குக்கும் நடுவுல பெல்ட்டுல 19 பல்லு எண்ணிப் பாத்து மாட்டுனோம். உடனே செல்ஃப் அடிக்கல. புது டேப்பட் உள்ள ஆயில் நிரம்பி உயரமா இருந்தா வால்வைத் திறந்தே வெச்சிருக்கும், ஸ்பிரிங் அழுத்தி அது தானா அளவுக்கு இறங்க அரை மணி நேரமாவது விடணும், அப்புறம் கையால ரெண்டு சுத்து. ஹெட்டுக்குப் பின்னாடி கேம் சென்சாரோட ஓ-ரிங் எப்பவும் ஒழுகும், அதையும் மாத்திட்டு இன்ஜின் ஸ்டார்ட் ஆகாம இருக்க சென்சார் வயரைப் பிடுங்கி வெச்சே சுத்த விட்டு கேஜ்ல முள்ளு ஏறுனதுக்கு அப்புறம்தான் ஸ்டார்ட். முதல்ல பதினாறும் சேந்து தட்டுச்சு, ஐயா முகம் வாடிப்போச்சு. 2500ல பிடிச்சுக்கிட்டு நின்னேன், ஒண்ணு ஒண்ணா அடங்கி, கடைசியில இன்ஜெக்டர் சத்தம் மட்டும்தான் மிச்சம்.

1000 கிலோமீட்டர்ல ஆயில் மாத்த வரணும்னு சொல்லி அனுப்புனேன், வந்தாரு, வடிச்ச ஆயில் கறுப்பா இருந்துச்சு, பழைய கசடு கரைஞ்சு வந்துக்கிட்டு இருக்குன்னு அவருக்கே காட்டுனேன். இப்ப கிலோமீட்டர் ஆகுதோ இல்லையோ ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஆயில், வாரத்துல ஒரு நாளாவது கியூர்பிப்ல இருந்து இறங்கி எம்1ல முழு சூட்டுக்கு ஓட்டணும்னு சொல்லியிருக்கேன். "அது மட்டும் சிரமமில்லை தம்பி"னாரு.